திரைச்சீலைக்கு இந்தப் பக்கம்

ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எலக்ட்ரீஷியன் இருட்டில் ஆச்சரியப்பட்டான்.

"அடடா! கரண்ட் போயிடுச்சே!"

"எதிர்வீட்டுல எரியுது," என்றாள் மனைவி சோபாவிலிருந்து.

"அது வேற லைன்."

"பக்கத்து வீட்டுலயும் எரியுது."

"அது அதைவிட வேற லைன்."

ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. இரண்டு வருடம் கழித்து டிவியில் அந்த ராஜா ராணி தொடரின் புதிய பாகம் இன்று ஆரம்பம். மதியமே ஒருமுறை போட்டுவிட்டார்கள். ஏழு மணிக்கு வருவது வேலைக்குப் போகிறவர்களுக்காக. மதியம் அவள் மருந்துக்கடையில் இருந்தாள். அவன், மின்விசிறி மாட்டப் போன வீட்டில், முழுவதையும் பார்த்துத் தொலைத்திருந்தான்.

நடிகையை மாற்றியதில் ராணிக்கு வேறு மூக்கு. ராஜாவுக்கு நேற்று வாங்கிய மீசை. பழைய பாகத்தில் இருவரும் ஒரு திரைச்சீலைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து முப்பது வாரம் பேசினார்கள். காற்றில் திரை விலகி அவள் விரல்நுனி தெரிந்ததற்கே ஒரு வாரம் ஆனது. இப்போது பத்தாவது நிமிடத்தில் அருவிக்கடியில் கட்டிப்பிடித்துப் பாட்டு. திரைச்சீலையைக் காணவில்லை. துவைக்கப் போட்டிருப்பார்கள்.

அந்த முப்பது வாரத்தில்தான் மனைவிக்குக் காலில் மாவுக்கட்டு. கட்டுப் போட்ட இடதுகால் அவன் மடியில் இருக்கும். தொடை மரத்துப்போனாலும் அசையமாட்டான். கட்டுப் பிரித்த பிறகும் பழக்கத்தில் கால் அங்கேயே கிடந்தது. தொடர் முடிந்தது, காலும் இறங்கிவிட்டது. இரண்டு வருடமாக அவள் செல்போனைப் பார்த்துச் சாப்பிட்டாள், அவன் சுவரைப் பார்த்து. சோபா துணி மடிக்கிற இடமாயிற்று. இந்த ஒரு நாளுக்காக அவள் காலண்டரில் வட்டம் போட்டிருந்தாள். இதைப் பார்த்தால் 'ச்சே' என்று எழுந்துவிடுவாள். அப்புறம் சோபாவுக்குத் துணிதான் கதி.

"வீட்டுல ஒரு துண்டு ஃபியூஸ் வயர் இல்லையா?"

"தீர்ந்துபோச்சு. நாளைக்குத்தான்."

"ஊருக்கெல்லாம் விளக்குப் போடுற ஆளு. வீட்டுல மெழுகுவத்தி!"

ஏற்றிவைத்தாள். கோபித்துக்கொள்ளவில்லை. இன்னும் நான்கு பொய் தயார்செய்து வைத்திருந்தான். ஒன்றுக்கும் வேலை வரவில்லை.

"உக்காருங்க. கதையை நானே சொல்றேன்."

"நீ எங்க பார்த்த?"

"கேள்விப்பட்டேன். வேணுமா, வேண்டாமா?"

உட்கார்ந்தான்.

"போர் முடிஞ்சு ராஜா திரும்பி வர்றான். ராணி திரைக்கு அந்தப் பக்கம் இருக்கா."

"திரை இருக்கா?"

"திரை இல்லாம எப்படி? அதே பழசுதான். ஓரம் கிழிஞ்சதைத் தைச்சு வெச்சிருக்கா."

"மூக்கு?"

"என்ன மூக்கு?"

"ஒண்ணுமில்ல. சொல்லு."

"ராஜா வந்து நிக்கிறான். பேச வாய் வரல. ரொம்ப நேரம் கழிச்சு, 'சாப்பிட்டியா?'ன்னு கேக்குறான்."

"அதுக்கு அவ?"

"உடனே சொல்லிடுவாளா? ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை கேக்காத மனுஷன்."

மெழுகுவர்த்தி ஒரு சொட்டு சிந்தியது. அவன் அதை நகத்தால் சுரண்டினான்.

"அப்போ அந்த அருவி?"

"எந்த அருவிங்க?"

நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் நிதானமாகப் புடவையைச் சரிசெய்தாள்.

"தையல்கார அக்கா சாயங்காலம் கடைக்கு வந்தா, தலைவலி மாத்திரைக்கு. நாடகத்தால வந்த தலைவலியா, புழுக்கத்தால வந்ததான்னு அவளுக்கே தெரியலையாம். ஃபேன் மாட்ட வந்தவரு ஏணி மேலயே நின்னு ஒரு மணி நேரம் பார்த்தாராம். முடிஞ்சதும் தலையில அடிச்சுக்கிட்டு இறங்கிப் போயிட்டாராம். ஃபேன் இன்னும் சுத்தலையாம்."

அவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"மாட்டிடவா?"

"இப்ப என்ன அவசரம்? ராஜா நின்னுக்கிட்டே இருக்கான்."

அவள் சாய்ந்து இடதுகாலை நீட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அவன் பக்கத்திலிருந்த மடித்த துணிகளைத் தரையில் இறக்கிவைத்தான். தலையணையை எடுத்து மடியில் போட்டு, அதன்மேல் அந்தக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டான்.