இருபத்திரண்டாம் இடத்து ஏரி

வரைவுப் பட்டியலில் ஏரி இருபத்திரண்டாம் இடத்தில் நின்றது. முதல் இருபது நீர்நிலைகளுக்கே சீரமைப்புத் திட்டம் தீட்டப்படும் என்பது விதி. மாசடைந்த நீர்நிலைகளுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் அந்த அரசு அலுவலகத்தில், வரிசை எண்களைத் தன் கையாலேயே எழுதிய எழுத்தர், தான் எழுதியதைத் தானே வெறித்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த ஏரிக்கரையில்தான் அவருடைய அக்கா குடியிருந்தாள்.

அக்கா மகளுக்கு ஏழு வயது. இரண்டு கைகளிலும் ஆறாத புண். ஏரி நீர் ஊறும் கிணற்றில் குளிக்கும்வரை எந்த மருந்தும் கேட்காது என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார்.

"இந்தப் பட்டியல் முடிவாகிற வரைக்கும் பொறுக்கறேன் தம்பி," என்றாள் அக்கா. "இதுலயும் வரலைன்னா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நாத்தனார் ஊருக்குப் போயிடுவேன். ரெண்டு நாள் ரயில். அப்புறம் நீ என்னைப் பார்க்கறதும் வானத்து நிலாவைப் பார்க்கறதும் ஒண்ணுதான்."

தாய் போனபின் அவரை வளர்த்து ஆளாக்கியவள் அவள். அவளை விட்டால் அவருக்கு வேறு நாதியில்லை.

மதிப்பெண் தாளைப் புரட்டினார். 'மக்கள் பயன்பாடு' என்ற கட்டத்தில் பூச்சியம். கறுத்து, நுரைத்து, நாறிக் கிடக்கும் நீரில் எவன் கால் வைப்பான்? அழுக்கு மிகுந்ததால் ஆள் வரவில்லை; ஆள் வராததால் மதிப்பெண் இல்லை; மதிப்பெண் இல்லாததால் அழுக்கு அகலாது. இந்த நீதியை வகுத்தவர் யார் என்று விசாரித்தார். அலுவலகத்தில் ஆளுக்கொரு திசையில் மேல் மாடியைக் காட்டினார்கள்.

எழுத்தர் அக்காவுக்கு யோசனை சொன்னார். கணக்கெடுக்க வந்தவர்களிடம், இந்த ஏரியில்தான் குளிக்கிறோம், துவைக்கிறோம், பல்லும் விளக்குகிறோம் என்று தெருவே ஒரே குரலில் சாதித்தது. அறிக்கையைப் படித்துப் பதறிய சுகாதாரப் பிரிவு, மறுவாரமே கரையில் பலகை நட்டது: இந்நீரைத் தொடுவது குற்றம். பூச்சியம் இருந்த கட்டத்தில் இப்போது கழித்தல் குறி ஏறியது. ஏரி இருபத்தொன்பதுக்கு இறங்கியது.

"மீன் இருந்தா மார்க்கு உண்டா?" என்று கேட்டாள் அக்கா.

உண்டு என்று சொன்னதுதான் அவர் செய்த பிழை. ஆய்வாளர் வரும் காலையில், தெருக்காரர்கள் சந்தையிலிருந்து இரண்டு வாளி உயிர்மீன் வாங்கிவந்து ஏரியில் விட்டார்கள். ஊரே ஒத்துழைத்தது, மீன்கள் ஒத்துழைக்கவில்லை. ஆய்வாளர் பேனா மூடியைத் திறப்பதற்குள் அத்தனையும் வயிற்றைக் காட்டி மிதந்தன. மீன்கள் மர்மமான முறையில் இறந்துள்ளன, விசாரணை முடியும்வரை மதிப்பெண் நிறுத்திவைக்கப்படுகிறது என்று அவர் நிதானமாக எழுதிக் கையெழுத்திட்டார். முப்பத்தெட்டு.

எஞ்சியது 'பொதுமக்கள் அக்கறை' என்ற கட்டம். மனு எழுதி முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்திட்டார்கள். புண் படாத ஒரே விரலால் அக்கா மகளும் ரேகை வைத்தாள். அந்த மனுவை அலுவலகத்தில் கொடுத்திருந்தால் போதும். தெருவில் குடியிருந்த வக்கீலுக்கோ ஆர்வம் பொங்கிவிட்டது. நேராக நீதிமன்றத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். வழக்கு நடக்கும் நீர்நிலைக்கு வரிசையில் இடமில்லை என்பது இன்னொரு விதி. ஏரி எண்ணே இல்லாமல் பட்டியலின் கடைசி வரிக்குப் போனது.

இருபது ஆண்டுகளாக மேலதிகாரியின் முன் நிமிர்ந்து பேசாத எழுத்தர், அன்று நிமிர்ந்தார்.

"சார், எது ரொம்ப அழுக்கோ அதைத்தானே முதல்ல சுத்தம் பண்ணணும்?"

அதிகாரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "அழுக்கு எல்லா ஏரியிலயும்தான் இருக்கு. சிக்கல் இல்லாத அழுக்கா கொண்டு வாங்க, பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பைப் பிரித்தார்.

அக்கா தம்பியைத் திட்டவில்லை. ரயிலடியில், பெட்டிகளுக்கு நடுவே நின்று, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "உன்னால ஆனதைச் செஞ்ச. வேளைக்குச் சாப்பிடு," என்றாள். துணி சுற்றிய கையைச் சன்னலுக்கு வெளியே நீட்டிய குழந்தை, ரயில் வளைவில் மறையும்வரை அதை உள்ளே இழுக்கவில்லை.

அவள் கிளம்பிய பின் தெருவில் ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்தது. கடைசியாக வக்கீலும் தன் பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார். பட்டியலைத் தொடவே கை கூசிய எழுத்தர், மாற்றல் கேட்டுத் தபால் பிரிவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த ஆண்டுப் பட்டியல் அச்சாகி, உறையிலிட அவர் மேசைக்கே வந்தது. முதல் வரியைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். முதலிடத்தில் அக்காவின் ஏரி. நீரைத் தொட ஆளில்லாததால் தடை விலக்கப்பட்டது, சாட்சிகள் கிடைக்காததால் விசாரணை முடிக்கப்பட்டது, மனுதாரர் எவரும் வராததால் வழக்கு தள்ளுபடி.

ஏரியில் ஒரு சொட்டு அழுக்கும் குறையவில்லையே, இது எப்படி முதலிடத்துக்கு வந்தது என்று, எதிரே உறை ஒட்டிக்கொண்டிருந்த அலுவலக உதவியாளரிடம் கேட்டார்.

அவர் தலை நிமிராமல் அடுத்த உறையை எடுத்தார்.

"அந்தத் தெருவுலதான் இப்ப ஆளும் இல்ல, சிக்கலும் இல்லையே சார், அப்புறம் எப்படி மார்க்கு குறையும்?"