வெள்ளைச் சட்டைக்காரனின் விசா போட்டோ

போன வாரம் ஒரு நாள் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கணும். அவ்வளவுதான்.

சிங்கப்பூர்ல இருக்க எங்க மக கவிதா நிறைமாசம். பிரசவத்துக்கு நானும் என் வீட்டுக்காரி சரஸ்வதியும் போறதா ஏற்பாடு. விசாவுக்கு எல்லாம் குடுத்தாச்சு, எங்க போட்டோ மட்டும் பாக்கி.

"இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள போட்டோ வந்தா பிரசவத்துக்கு முன்னாடி போய்ச் சேரலாம் சார். இல்லாட்டி பிள்ளைக்குப் பேர் வைக்கத்தான் போவீங்க"ன்னு தேனி ஏஜெண்ட் கறாரா சொல்லிட்டார்.

அதைக் கேட்டதுல இருந்து சரஸ்வதிக்குச் சோறு இறங்கல. பிரசவ மருந்துப் பொடி, பழைய சேலையைக் கிழிச்சு ஓரம் தச்ச பிள்ளைத் துணி எல்லாத்தையும் மூட்டை கட்டி வாசல் பக்கத்துலயே வச்சிட்டா. அவ கிளம்ப ரெடி. என் மூஞ்சிதான் ரெடியாகல.

ஸ்டுடியோவுக்குப் போனோம். பூட்டு. அடுத்த ஸ்டுடியோ, அதுவும் பூட்டு!

ஆனி மாசத்தோட கடைசி முகூர்த்தம். ஆடி பொறந்தா கல்யாணம் கிடையாதுல்ல? எங்க கம்பம் ஊர்ல இருக்க போட்டோக்காரங்க அத்தனை பேரும் ஏதாவது ஒரு மண்டபத்துல பொண்ணு மாப்பிள்ளையைச் சிரிக்கச் சொல்லிக்கிட்டு இருக்காங்க.

"தேனிக்கு பஸ் ஏறிருவோமா?"ன்னு கேட்டா சரஸ்வதி.

"ஒரு போட்டோவுக்கு தேனியா? வீட்டுலயே எடுத்து, வீட்டுலயே பிரிண்ட் போட்டுக் காட்டுறேன் பாரு!"

"மிக்சியவும் இப்படிச் சொல்லித்தான் ரிப்பேர் பாத்தீக."

இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டுல சட்னி அம்மியிலதான்.

வீட்டுக்கு வந்து ஒரு வீடியோ பாத்தேன். "ரொம்ப ஈஸி பிரண்ட்ஸ்"னு ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே சொன்னார். அவர் யாருக்கு பிரண்டோ தெரியல, எனக்கு இல்ல.

பின்னாடி வெள்ளையா இருக்கணுமாம். எங்க வீட்டுச் சுவர் பூரா ரோஸ். சரஸ்வதி ஆசைப்பட்டு அடிச்சது, குறை சொல்ல முடியாது. சரி, வேட்டி இருக்கே!

வெளிச்சம் நல்லா இருக்கும்னு மொட்டை மாடிக்குப் போனோம். பக்கத்து வீட்டு முருகேசனையும் கூப்பிட்டேன். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏத்திப் போற ஜீப் டிரைவர், தங்கமான மனுசன். வேட்டியில ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை சரஸ்வதி பிடிக்க, போனைத் தண்ணி டேங்க் மேல சாத்தி வச்சு டைமரைத் தட்டிட்டு ஓடி வந்து நின்னேன்.

நான் மறந்தது ஒண்ணே ஒண்ணு. ஆனி மாசக் காத்து!

குமுளிப் பக்கமிருந்து அடிச்சுச்சு பாருங்க ஒரு காத்து. வேட்டி அப்படியே என் தலையைச் சுத்திக்கிச்சு. முதல் போட்டோவுல வேட்டி மட்டும்தான் இருந்துச்சு. அடுத்ததுல முருகேசன் முழங்கை. அதுக்கு அடுத்ததுல வேட்டியே இல்ல.

முருகேசன் கைப்பிடிச் சுவர்ல இருந்து எட்டிப் பாத்தார். "அண்ணே, அந்தா தென்னமரத்துல கெடக்கு. மட்டையில சொருகிக்கிருச்சு."

நல்லவேளை, அது கட்டியிருந்த வேட்டி இல்ல.

கீழ இறங்கினோம். இன்னொரு வேட்டியை எடுத்து ஜன்னல் கம்பிக்கும் பீரோ கைப்பிடிக்கும் நடுவுல கட்டினேன். அது ஒரே சுருக்கம்.

"சுருக்கத்துக்கு ஏண்ணே கவலப்படுறீக? என் போன்ல ஒரு ஆப் இருக்கு. ஆள மட்டும் வச்சுக்கிட்டு பின்னாடி இருக்கத எல்லாம் அழிச்சு வெள்ளையாக்கிரும்"னார் முருகேசன்.

முதல்ல சரஸ்வதி. அரக்குக் கலர் சேலை, நெத்தி நிறையப் பொட்டு. ஒரே தடவை! ஆப் அப்படியே அச்சு மாதிரி வெட்டிக் குடுத்துச்சு.

"பாத்தீகளா? எல்லாம் மூஞ்சில இருக்கு"ன்னு சொல்லிட்டு ஒரு ஓரமா உக்காந்துக்கிட்டா.

அடுத்து நான். நின்னேன், எடுத்தார், ஆப்ல போட்டார். வட்டம் சுத்துச்சு, சுத்துச்சு, நின்னுச்சு.

முருகேசன் போனைத் தள்ளிப் பிடிச்சார், கிட்டப் பிடிச்சார்.

சரஸ்வதிதான் எட்டிப் பாத்துட்டு அலறுனா. "என்னங்க இது? உடம்ப எங்க?"

வெள்ளைத் தாள்ல என் மூஞ்சி மட்டும் தனியா மிதக்குது. நெத்தியில ஆரம்பிச்சு கழுத்தோட சரி. தலைமுடியும் போச்சு!

"ஆப்பக் குத்தம் சொல்லக் கூடாதுண்ணே. வேட்டியும் வெள்ள, சட்டையும் வெள்ள, முடியும் வெள்ள. அது எதத்தான் ஆளுன்னு எடுத்துக்கிரும்?"

விசயம் என்னன்னா, நான் உரக்கடைக்காரன். கடை திறந்த நாள்ல இருந்து வெள்ளைச் சட்டைதான். அதுதான் கௌரவம்னு ஒரு நெனப்பு. அந்த கௌரவத்தைத்தான் ஆப் ஒரே நிமிசத்துல துடைச்சு எடுத்துருச்சு.

"சட்டையக் கழட்டிட்டு எடுத்தா?"ன்னு கேட்டேன்.

"விசா வாங்கப் போறீகளா, பழனிக்கு மொட்ட போடப் போறீகளா?"ன்னா சரஸ்வதி.

முருகேசன் தன்னோட சட்டையையே கழட்டிக் குடுத்தார். அவர் ஈர்க்குச்சி உடம்பு, நான் உர மூட்டை. ஒரு கையை விட்டதுமே அக்குள்ல 'டர்ர்'ருன்னு ஒரு சத்தம். சத்தமில்லாமத் திருப்பி வாங்கிக்கிட்டார்.

பீரோவைக் குடைஞ்சேன். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. கடைசியா அகப்பட்டுச்சு ஒரு பச்சை டீ-சர்ட். பூச்சி மருந்து கம்பெனிக்காரங்க விளம்பரத்துக்குக் குடுத்தது. நெஞ்சுல பெருசா ஒரு புழு படம்.

"போட்டோல புழு விழாதுண்ணே, கழுத்து வரைக்கும்தான விழும்"னு முருகேசன் தைரியம் சொன்னார். எடுத்தோம், ஏஜெண்டுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினோம்.

உடனே போன் வந்துச்சு. "சார், உங்க தாடைக்குக் கீழ ஒண்ணு எட்டிப் பாக்குதே, என்ன சார் அது?"

"புழு சார்."

அப்புறம் கேட்டார்: "விசா உங்க ரெண்டு பேருக்கு மட்டும்தானே சார், புழுவுக்கு இல்லையே?"

நானும் முருகேசனும் சிரிச்சோம். சரஸ்வதி சிரிக்கல. கட்டில்ல உக்காந்து முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருந்தா.

"உங்களுக்கு எல்லாம் வெளாட்டாத் தெரியுது. நீங்க வராம நான் ஒத்தையில பிளேன் ஏறுவேனா? பிள்ள அங்கன வலியில கெடப்பா. இங்கன நாம புழுவப் படம் புடிச்சுக்கிட்டு இருக்கோம்."

எனக்குச் சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. காலையிலயே தேனி பஸ்ஸைப் பிடிச்சிருந்தா இந்நேரம் எல்லாம் முடிஞ்சிருக்கும். நான்தான் பெரிய கெட்டிக்காரனாச்சே!

அவளா எந்திரிச்சா. பீரோவுல அவளோட பட்டுச் சேலைக்கு அடியில கையை விட்டு ஒரு கவரை எடுத்தா. உள்ள கருநீலச் சட்டை, மடிப்புக் கலையாம.

கவிதா தன் கல்யாண ரிசப்ஷனுக்குன்னு ஆசை ஆசையா எனக்கு எடுத்தது. "இதப் போட்டா மாப்பிள்ள நானா அவரான்னு ஆளுகளுக்குக் குழம்பிரும்"னு சொல்லி நான் வெள்ளையிலயே போய் நின்னேன். சட்டையை அதோட நான் மறந்துட்டேன். சரஸ்வதி மறக்கல.

அவசரமாப் போட்டுக்கிட்டு வேட்டி முன்னாடி நின்னேன். எனக்கு ஒரு வியாதி, போட்டோன்னாலே கண்ணு சொக்கிரும். "கண்ண நல்லா முழிங்கண்ணே"ன்னு முருகேசன் சொல்லவும், நான் கழுத்தை நிமித்தவும், காலர்ல எடுக்காம விட்ட குண்டூசி சுருக்குன்னு பிடரியில ஏறவும் சரியா இருந்துச்சு.

கிளிக்!

கண்ணு ரெண்டும் முட்டை மாதிரி முழிச்சுக்கிட்டு, முதுகு நேரா, சிரிப்பு சுத்தமா இல்லாம, ஆப்ல போட்டும் தலைமுடி, சட்டையோட முழுசா இருந்தேன். ஏஜெண்ட் பாத்துட்டு, "இதுதான் சார் விசா போட்டோ!"ன்னார்.

இனி பிரிண்ட். வீட்டுல இருக்கறது கடை பில் போடுற பிரிண்டர். பட்டனைத் தட்டினேன். வரிசையா எட்டு நான் வந்தேன். பேப்பரை மாத்த மறந்துட்டேன். கடை பில் பேப்பர்! என் மூஞ்சிக்குக் கீழ கொட்டை எழுத்துல, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.'

சரஸ்வதி அதை வாங்கி நிதானமாப் படிச்சா. "ஆமா, மாப்பிள்ள சரியில்லாட்டி என்ன செய்யன்னு கல்யாணத்தப்ப எங்க அப்பா கேட்டதுக்கு உங்க வீட்டுலயும் இதத்தான் சொன்னாக."

அன்னைக்கு அவ முதல் முதலா சிரிச்சது அப்பத்தான். போன உசுரு எனக்குத் திரும்பி வந்துச்சு.

கவிதா காலேஜ் படிக்கிறப்ப வாங்கி மிச்சம் வச்சிருந்த போட்டோ பேப்பரைத் தேடிப் பிடிச்சு, ஸ்கேல் வச்சு அளந்து, எங்க ரெண்டு பேர் போட்டோவையும் பிரிண்ட் போட்டு முடிச்சேன். மை காயறதுக்கு முன்னாடியே முருகேசன் ஜீப்பைக் கிளப்பிட்டார். ஏஜெண்ட் கடையை அடைக்கிறதுக்குள்ள போய்க் குடுத்துட்டார்.

ராத்திரி கவிதா வீடியோ கால்ல வந்தா. சரஸ்வதி அனுப்பி வச்ச போட்டோவைப் பாத்திருக்கா.

"அப்பா, அது நான் எடுத்துக் குடுத்த சட்டைதானே? எனக்காகவா போட்டீங்க?"

ஆப், புழு, எல்லாத்தையும் சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். சரஸ்வதி இடுப்புல ஒரு கிள்ளு கிள்ளுனா.

"உனக்காகத்தான் ஆத்தா"ன்னேன்.

அவ அழுதுட்டா. சொன்னது பொய்யா நிஜமான்னு அப்ப எனக்கே தெரியல.

இன்னைக்குக் காலையில விசா வந்துருச்சு, ரெண்டு பேருக்கும். பிரசவத்துக்கு முன்னாடியே போய்ச் சேந்துருவோம்.

ஏர்போர்ட்ல போட்டோவும் ஆளும் ஒத்துப் போகுதான்னு பாப்பாகளாம். அதுக்குன்னு சரஸ்வதி அந்தக் கருநீலச் சட்டையைத் தேச்சு வச்சிருக்கா, பக்கத்துலயே ஒரு குண்டூசியும்.