ஏழாம் மாத மாங்காய்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் முட்டாள். அதுவும் படித்த முட்டாள். போடிநாயக்கனூரில் ஒரு கல்லூரியில் இருபது வருஷமாகப் பொருளாதாரம் நடத்துகிறேன்.

என் நோட்ஸைப் பீரோவில் பூட்டித்தான் வைப்பேன். (நானே கேட்டாலும் சட்டென்று கொடுத்துவிட மாட்டேன்.) இந்த லட்சணத்தில், எங்கள் துறைக்குப் புதிதாக வந்த குரங்கணிக்காரர் மலர்விழி, தன் பாடங்களை எல்லாம் குரலும் சிலைடுமாக இணையத்தில் ஏற்றிவிட்டார். 'யாரும் எடுத்துக்கொள்ளலாம், என் பெயரை மட்டும் போடுங்கள்' என்று ஒரு குறிப்பு வேறு.

"ஓசிச் சரக்குக்கு மதிப்பு கெடையாது மேடம்" என்று ஆசிரியர் அறையே கேட்க முழங்கினேன். அவர் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்தார்.

அந்த வாரம் போடிமெட்டுக்கு ஜீப்பில் போனேன். வளைவுக்கு வளைவு டிரைவரின் போனில் மலர்விழி குரல்.

"மேல டவரு கெடைக்காதுண்ணே, மகளுக்காக எறக்கி வச்சேன். இப்ப நானே கேக்குறேன். என்னமா நடத்துது அந்தப் பிள்ளை! ஆமா, நீங்க என்ன சோலி பாக்குறீக?"

"ஏலக்கா யாவாரம்" என்றேன். அந்தக் குளிரிலும் வயிறு எரிந்தது.

பிறகு கல்லூரிக்கு ஆய்வுக் குழு வந்தது. யார் வகுப்பு அவர்களுக்குப் பிடிக்கிறதோ அவருக்குத்தான் துறைத் தலைவர் நாற்காலி என்று பேச்சு. பீரோவைத் திறந்தேன். நோட்ஸ் அப்பளமாக நொறுங்கியது. வேறு வழி? ஓசிச் சரக்கைத்தான் இறக்கினேன். கல்லூரிக்கு வரும் பஸ் பயணம் முழுவதும், நாற்பது சிலைடின் மூலையிலும் இருந்த அவர் பெயரை அழிப்பதிலேயே போய்விட்டது. உள்ளே இருப்பதைப் படிக்கவில்லை. திரையைப் பார்த்து அப்படியே வாசிப்பதுதானே என் போதனா முறை!

முன்வரிசையில் குழு. பின்வரிசையில் துறை ஆசிரியர்கள், மலர்விழி உட்பட. கணீரென்று ஆரம்பித்தேன்: "விலை ஏறினாலும் குறையாத தேவைக்கு ஓர் உதாரணம். நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது..."

நிறுத்தியிருக்கலாம். இருபது வருஷப் பழக்கம், வாய் நிற்கவில்லை. "...மாங்காய் என்ன விலை சொன்னாலும் தின்றேன்."

குழுத் தலைவர் என் தொப்பையைப் பார்த்தார். (அதுவும் அன்றைக்கென்று ஏழு மாதம் மாதிரியேதான் இருந்தது.) வகுப்பிலிருந்த பையன்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் அந்தப் பாடம் மனப்பாடம். அடுத்த வரியைக் கோரஸாகச் சொன்னார்கள்: "வாங்கியாந்து குடுத்தது எங்க வீட்டுக்காரரு!"

நாற்காலி மலர்விழிக்குப் போனது. இன்றைக்கும் மாங்காய் வாங்கினால், "இது எத்தனாவது மாசம்?" என்று கேட்டுவிட்டுத்தான் என் மனைவி பையைக் கீழே வைக்கிறாள்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அன்று சாயங்காலம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மலர்விழியிடம் போய், "மேடம், உங்க பாடத்தைத் திருடிட்டேன், மன்னிச்சிருங்க" என்றேன்.

"ஓசிச் சரக்க எப்படி சார் திருட முடியும்?"