கோடி ஷெட்டுக்குக் கேட்ட குரல்

நாரணாபுரம்,
18.7.2006

மதிப்புக்குரிய மைத்துனர் செல்லப்பாண்டி அவர்களுக்கு அத்தான் கனகசபாபதி எழுதுவது. நானும் உங்கள் அக்கா பேச்சியம்மாளும் ஆண்டவன் புண்ணியத்தில் சௌக்கியம். ஆலங்குளத்துச் சிமெண்டுப் புழுதியில் நீங்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே எனக்கொரு வாட்ச்மேன் வேலை பார்க்கச் சொல்லியிருந்தேனே, அது இனி வேண்டாம். காரணத்தைக் கேளுங்கள்.

என் குரல் உங்களுக்குத் தெரியும். என் கல்யாணப் பந்தியிலேயே சாம்பார் சாம்பார் என்று கேட்டு, கடைசிவரை வெறும் சோற்றைப் பிசைந்தவன் நான். அப்படிப்பட்டவனைப் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக வைத்திருக்கிறார்கள். சைரன் ரிப்பேர். தீ என்றால் நான் கத்துகிற கத்தில்தான் முப்பது ஷெட்டு ஆளும் ஓட வேண்டும். போன மாதம் ஒத்திகை வைத்தார்கள். கத்தினேன். பக்கத்து ஷெட்டு மட்டும் வந்தது. கடைக்கோடி ஷெட்டு மாரித்தாய் தன் பாட்டுக்குச் சரவெடி பின்னிக்கொண்டிருந்தாள். நேரில் போய் நின்றால், "என்னண்ணே, ஏதும் சொன்னீகளா?" என்கிறாள். முதலாளி சிரிக்கவில்லை. "அடுத்த தடவையும் கேக்கலைன்னா வேற ஆளைப் போட்டுருவேன்" என்றுவிட்டார். வேலை போனால் போகட்டும் மாப்பிள்ளை. ஏழு வருஷத்துக்கு முன்னால் நிஜமாகவே தீப்பிடித்தபோதும் நான்தான் கத்தினேன். எல்லாரும் ஓடிவந்தார்கள், சரவெடி பின்னுகிற பத்திரகாளிக்கு மட்டும் கேட்கவில்லை, ஷெட்டோடு போய்விட்டாள். அவள் ஷெட்டு இன்றும் மாரித்தாய் ஷெட்டுக்கு அந்தப் பக்கம் இடிந்து கிடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து ஒரு நாள்கூட நான் நிம்மதியாகச் சோறு தின்றதில்லை.

சிவகாசி பஸ் ஸ்டாண்டில் குரல் பயிற்சிப் புத்தகம் வாங்கினேன். தொண்டையை வருத்தாதே, வயிற்றில் மூச்சை நிரப்பு, தூரத்தில் ஓர் ஆள் நிற்பதாக நினைத்துப் பேர் சொல்லிக் கூப்பிடு என்று போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளில்லாத கம்பெனியில் கேட்டருகே நின்று ரிஜிஸ்தரைப் பார்த்து ஆஜர் கூப்பிட்டேன். மூன்றாவது ஞாயிறு குரல் கணீரென்று போனது. வேப்பமரத்துக் காக்காயெல்லாம் பறந்தது. அந்த ஜோரில் அடுத்த பேரையும் கூப்பிட்டேன். "இருக்கேண்ணே" என்று கோடியிலிருந்து பதில் வந்தது. கைப்பழக்கம், டிக் போட்டுவிட்டேன். பிறகுதான் பேரைப் பார்த்தேன்: பத்திரகாளி. அவசரத்தில் அலமாரியிலிருந்து எடுத்துவந்தது பழைய ரிஜிஸ்தர்! செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். உங்கள் அக்கா பயந்தாளா? "பேரு சொல்லிக் கூப்பிட்டுட்டு இப்படியா ஓடியாருவீக? அன்னைக்கு அவளுக்குக் கேக்காததை இன்னைக்காவது போய்ச் சொல்லிட்டு வாங்க" என்று வெறுங்காலோடு திருப்பி அனுப்பினாள். போனேன். "பத்திரகாளி, வெளியே வந்துரு தாயி! ஓடிரு!" என்று கத்தினேன். அழுகை வந்துவிட்டது மாப்பிள்ளை, மறைப்பானேன். இடிந்த ஷெட்டிலிருந்து சரளையில் வெறுங்கால் நடக்கிற சத்தம் கிளம்பியது. என் பக்கத்தில் வந்து நின்றது. ஆளைக் காணோம்.

நேற்று ஒத்திகை. ஒரே கத்து, முப்பது ஷெட்டும் காலி! மாரித்தாய்தான் முதல் ஆள். முதலாளி கைகொடுத்தார். புத்தகம் பொய் சொல்லவில்லை, எனக்குக் குரல் வந்துவிட்டது.

தங்கச்சி செல்வலட்சுமிக்கும் குழந்தை ஆர்த்திக்கும் என் ஆசிகள். இருக்கன்குடித் தாய் உங்கள் வீட்டுக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
கனகசபாபதி

பி.கு.: கம்பெனியில் உட்கார்ந்து கவரை ஒட்டப்போகையில் மாரித்தாய் வந்தாள். "அண்ணன் குரல் எப்படி?" என்றேன், கொஞ்சம் மிதப்பாகவே. "உங்க சத்தம் எங்கண்ணே கேட்டுச்சு? பச்சைச் சேலை கட்டுன பொம்பளை ஒருத்தி ஷெட்டு ஷெட்டா வந்து, 'அண்ணன் கூப்பிடுதாரு, ஓடுங்க'ன்னு வெரட்டுனா. புதுசா சேந்திருக்காளா?" என்கிறாள். பத்திரகாளி கடைசியாக வேலைக்கு வந்தது பச்சைச் சேலையில்தான். மாரித்தாய் போனபின் பழைய ரிஜிஸ்தரைத் திறந்தேன். கத்தவில்லை, பந்தியில் சாம்பார் கேட்ட அதே குரலில்தான் கூப்பிட்டேன். "இருக்கேண்ணே" என்றாள். டிக் போட்டுவிட்டேன்.