பெண் பார்க்க வந்த நாளில் மாட்டிய எலி

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நாற்று நட்ட கை இது. எழுத்து கூட்டிக்கூட்டித்தான் வரும். ஆனாலும் இந்தக் கதையை நான்தான் எழுதுவேன். மற்றவர்கள் சொன்னால் என் மானத்தை இன்னும் அதிகமாக வாங்குகிறார்கள்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருவிலேயே என் வீடுதான் சுத்தம் (நானே சொல்லிக்கொள்வதுதான்). கடைக்குட்டி செல்வியைப் பெண் பார்க்க எளாவூர்க்காரர்கள் வருவதற்கு முதல் நாள், சுகாதாரத்துறை ஆட்கள் வந்தார்கள். ஏதோ காய்ச்சல் கிருமியாம். எலி உடம்பில் குடியிருக்குமாம்; எலிக்கு ஒன்றும் ஆகாதாம்; அதன் மூத்திரம், புழுக்கை வழியாக வந்து நம்மைப் படுக்கப் போட்டுவிடுமாம். வயல் எலியா, வீட்டெலியா, எதில் இருக்கிறது என்று பார்க்க எளாவூர் வரைக்கும் வீட்டுக்கு வீடு கூண்டு வைக்கிறார்களாம். மாட்டினால் தொடக்கூடாது, நாங்களே வந்து எடுத்துக்கொள்வோம் என்றார்கள்.

"எங்க ஊட்ல ஏதுப்பா எலி" என்றேன்.

காலையில் பூனைக்குட்டி கனத்தில் ஒன்று மாட்டியிருந்தது. தெருமுனையில் மாப்பிள்ளை வீட்டு வேன். கூண்டைக் கட்டிலுக்கடியில் தள்ளி, புதுப் போர்வையைத் தொங்கவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா நேராக வந்து அந்தக் கட்டிலில்தான் உட்கார்ந்தார்.

கேசரித் தட்டை நீட்டும்போது கீழே கடகடவென்றது.

"இன்னா சத்தம் அது?"

"ஃபேனுங்க. பழசு, அப்டிதான் கத்திக்கினு இருக்கும்."

சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போனது. ஃபேன் நின்றது. சத்தம் நிற்கவில்லை.

என் வீட்டுக்காரர் (இன்று அவர் இல்லை, அந்தச் சிரிப்பு மட்டும் இருக்கிறது) துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது.

அந்த நேரம் பார்த்து, கையுறையும் முகமூடியுமாகச் சுகாதாரத்துறை ஆள் உள்ளே வந்து, குனிந்து, கூண்டை இழுத்தார். கட்டில் பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும் என்றார். பெண் பார்க்க வந்த பதினொரு பேரும் எங்கள் குழாயடியில் வரிசையாக நின்றார்கள். இந்த இடமும் போச்சு என்று நினைத்துக்கொண்டே சோப்பை நீட்டினேன்.

மாப்பிள்ளையின் அம்மா வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எங்க ஊட்ல மூணு மாட்டிச்சி. யாராண்டயும் சொல்லிடாதீங்க, சம்மந்தி."

சம்மந்தி என்றாரே, அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

எங்கள் எலியிடம் கிருமி இல்லை என்று பிறகு தகவல் வந்தது (எந்த வீட்டு எலி அது!). ஆனால் இன்றும் நான் பெருமை பேச வாயெடுத்தால் போதும், மருமகன், "அத்தை, ஃபேன் சத்தம் கேக்குது" என்பார்.

செல்வி மவளே, கீர்த்தி, இந்தா, நீ ஒருதரம் படிச்சுக் காட்டு கண்ணு. மூணுன்னு இருக்கிற இடத்துல மட்டும் சத்தமா படி. உன் எளாவூர் ஆயா ஹால்லதான் குந்திக்கினு இருக்காங்க.