குமகாய் அள்ளிய என் வாசல்

பேட்டைச் செய்திமடலின் மதிப்பிற்குரிய ஆசிரியர் நரிதா அம்மையாருக்கு,

மூன்றாம் தெரு சுகவாரா தெத்சுவோ படுத்தபடியே எழுதுவது. உங்கள் வீட்டுக் கூரை இந்தப் பனியைத் தாங்கி நிற்கும் என்று நம்புகிறேன். என் முதுகு நிற்கவில்லை.

இடுப்புப் பிடிக்காமல் பனி அள்ளுவது எப்படி என்று ஜனவரி மடலில் ஒரு முழுப் பக்கம் எழுதினீர்கள். முழங்காலை மடக்கு, கொஞ்சமாக அள்ளு, தூக்காமல் தள்ளு, உடம்பைத் திருகி வீசாதே, நடுநடுவே உட்காரு. எல்லாம் சரி. பக்கத்து வீட்டுக்காரரின் நல்ல மனசிலிருந்து தப்புவது எப்படி என்று ஏனம்மா எழுதவில்லை? டிசம்பரில் பக்கத்து வீட்டுக் குமகாய் அண்ணன் தன் வாசலை அள்ளும்போது என் பக்கமும் ஒரு மண்வாரி அகலம் அள்ளிவிட்டார். சும்மா இருக்க முடியுமா? மறுநாள் நான் அவர் பக்கம் இரண்டு அகலம். அவர் நான்கு. நான் ஆறு மணிக்கு எழுந்தால் அவர் ஐந்தரைக்கு. நிறுத்தச் சொல்லி முள்ளங்கி ஊறுகாய் கொடுத்தனுப்பினேன். அதற்குப் பதிலாக ஆப்பிளும் தந்து, என் படிவரை அள்ளியும் வைத்தார். கடைசியில் என் வாசலை அவரும் அவர் வாசலை நானும்தான் அள்ளினோம்.

"எழுபத்தாறு வயசுல இதெல்லாம் எதுக்குண்ணே?" என்று கேட்டேன்.

"பழக்கதோஷம்ப்பா. கை தானா உன் பக்கம் வந்துடுது" என்றார், இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டே. பச்சைப் பொய்.

"அவர் அள்ளினா அள்ளிட்டுப் போறாரு, நீங்க படுங்க" என்றாள் என் மனைவி ஃபுமியே.

"தெரு என்னடி பேசும்?"

"இடுப்பு போனா தெருவா வந்து தைலம் தேய்க்கும்?"

போன செவ்வாய் அவர் பார்க்கிறாரே என்று உட்காராமல் அள்ளினேன். பிடித்துக்கொண்டது. மகன் ஷோதா போனில் கத்துகிறான்: "இன்னொரு தடவை பிடிச்சா வீட்டைப் பூட்டிட்டு டோக்கியோ வந்துடணும்ப்பா!" அவன் இருப்பது ஏழாவது மாடி. அங்கே எனக்கு யாரைத் தெரியும்? பயமாக இருக்கிறது அம்மா. இனி மண்வாரியைத் தொடமாட்டேன். அவரவர் வாசலை அவரவரே அள்ள வேண்டும் என்று அடுத்த மடலில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

வசந்தம் வரும்வரை உங்கள் வீட்டார் இடுப்பெல்லாம் நேராக இருக்கட்டும்.

சுகவாரா தெத்சுவோ

பி.கு.: இன்று காலை சுரண்டும் சத்தமே கேட்கவில்லை. ஃபுமியே விசாரித்து வந்தாள். குமகாய்க்கும் இடுப்பு போய்விட்டதாம். மகள் நேற்று வந்து செந்தாய் நகரத்துக்குத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டாளாம். இனி வரமாட்டாராம். அவர் வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி. அப்படியே விட்டால் நிஜமாகவே ஆளில்லாத வீடாகிவிடும். இந்தக் கடிதத்தை மடலில் போட வேண்டாம். நான் மண்வாரியோடு கிளம்புகிறேன், முழங்காலை மடக்கித்தான் அள்ளுவேன். ஷோதாவிடம் சொல்லிவிடாதீர்கள்.