கப்டனுக்கு ஒரு பிரதி

நோர்வேயிலிருந்து அக்காவின் வீடியோ அழைப்பு வந்ததும் பிரகலாதன் நாயைத் தூக்கி மடியில் வைத்து, அதன் இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை தோறும் செய்கிற வேலைதான். நாயும் பழகிவிட்டது. காதைப் பொத்தினால் கைபேசியைப் பார்த்து வாலாட்டும்.

அன்று அக்கா சுலோஜனா மழையைப் பற்றியும் கேட்கவில்லை, சாப்பாட்டைப் பற்றியும் கேட்கவில்லை.

“தம்பி, கப்டனைப் பிரதி எடுக்கப் போறன்.”

“எத்தினை படம் வேணும் அக்கா? இப்பவே எடுத்து அனுப்புறன்.”

“படம் இல்லை. நாயை.”

பிறகு அவள் ஆறுதலாக விளங்கப்படுத்தினாள். அமெரிக்காவில் ஒரு கம்பனி இருக்கிறதாம். நாயின் வயிற்றுப் பக்கத்தில் பயறளவு தோலை வெட்டி, குளிர்ப்பெட்டியில் வைத்து, கெட்டுப்போக முதல் அனுப்ப வேண்டும். அந்தத் தோலிலிருந்து உயிரணுவை எடுத்து வேறொரு நாயின் கருமுட்டைக்குள் வைத்து, மூன்றாவது நாயொன்றின் வயிற்றில் வளர்ப்பார்கள். ஒரு வருடத்துக்குள் அச்சொட்டாக அதே கப்டன் குட்டியாக வந்துவிடும். ஐம்பதாயிரம் டொலர்.

பிரகலாதன் குறுக்கிட்டான். அவ்வளவு காசுக்கு எங்கே போவது என்று கேட்டான். நிலாவெளிக் காணியை விற்கப்போவதாக அக்கா சொன்னாள். அம்மா அவளுக்குச் சீதனமாக எழுதிவைத்த கடற்கரைக் காணி. ஹோட்டல் கட்டுகிற ஆள் ஒருவர் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அழைப்பு முடிந்தது. பிரகலாதன் காதிலிருந்து கையை எடுத்தான். பொத்தியிருந்த காது மடங்கியபடி தொங்கியது. அக்காவின் கப்டனுக்கு மடங்கியிருந்தது வலது காது.

அவன் மடியில் இருந்தது கப்டன் அல்ல.

கப்டனைக் கண்டெடுத்தவன் பிரகலாதன்தான். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் துறைமுக இறங்குதுறையில், கயிற்றுச் சுருளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்த மண்ணிறக் குட்டி. நெஞ்சில் வெள்ளைத் திட்டு. உவர்மலை வீட்டுக்குக் கொண்டுவந்து பெயர் வைத்த அடுத்த வருடம் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். மூன்று வருடம் வளர்த்தது அக்கா. அவன் திரும்பி வந்த அன்று கப்டன் அவனை யாரென்றே தெரியாத மாதிரிக் குரைத்தது. விட்டுவிட்டுப் போன கோபம் என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான். அந்த மாதமே அக்கா கலியாணம் முடித்து நோர்வேக்குப் போனாள். வீட்டையும் நாயையும் அவன் கையில் தந்து, படலையடியில் நின்று அவள் அழுத அழுகை நாய்க்கா தனக்கா என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

மூன்று வருடங்களுக்கு முன் தண்ணீர் பவுசர் வண்டி ஒன்று ஒழுங்கைக்குள் பின்னுக்கு வந்தபோது கப்டன் சில்லின் கீழே போய்விட்டது. அந்தக் கிழமைதான் அக்காவுக்கு இருதயச் சத்திரசிகிச்சை. அதிர்ச்சியான கதை எதுவும் சொல்லக்கூடாது என்று அத்தான் சொல்லியிருந்தார். பிரகலாதன் சொல்லவில்லை. அதே நிறம், அதே திட்டு, காது மட்டும் மற்றப் பக்கம் மடங்கிய ஒரு நாயைக் கந்தளாயிலிருந்து எடுப்பித்து, அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். ஒருநாள் கை தவறி இடது காது கமராவில் தெரிந்துவிட்டது. கைபேசியில் இடம் வலமாகத் தெரியும் என்று சொன்னான். அக்கா ஏனோ மறுபேச்சில்லாமல் நம்பினாள்.

இப்போது அந்தப் பொய்யைப் பிரதி எடுக்க அம்மாவின் காணி போகப்போகிறது.

அவன் கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞன். அடுத்த மூன்று நாளும் மதியச் சாப்பாட்டு நேரத்தில், உள்துறைமுகத்தைப் பார்த்த யன்னலோரத்தில் கதிரையைப் போட்டு, நாய்ப் பிரதி பற்றிக் கைபேசியில் கிடைத்ததையெல்லாம் படித்தான். புதன்கிழமை பின்னேரம் வீட்டு முற்றத்திலிருந்து அக்காவை அழைத்தான்.

உடம்புதான் ஒன்றாக வரும், குணம் வராது என்றான்.

“குணம் வளர்ப்பில வாறது,” என்றாள் அக்கா.

திட்டுகள்கூட இடம் மாறலாம் என்றான். மாறினால் மாறட்டும் என்றாள். ஒரு குட்டிக்காக எத்தனையோ பெட்டை நாய்களைக் கீறி முட்டை எடுக்கிறார்கள், அதுகளும் உயிர்தானே என்றான். அதற்கு மட்டும் அக்கா மெதுவாகச் சொன்னாள்.

“அதை நான் யோசிக்காமல் இல்லை. ரெண்டு மாசமா அதைத்தான் யோசிச்சனான். ஆனா கப்டன் இல்லாமல் ஏலாது, தம்பி.”

வேறு வழியில்லாமல் அவன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். கப்டனுக்கு வயது பன்னிரண்டு, இப்போது எழும்பி நடக்கவே கஷ்டப்படுகிறது, கத்தி பட்டால் தாங்காது என்றான். அந்த நேரம் பார்த்து நாய் ஒரு காகத்தைத் துரத்திக்கொண்டு அவனுக்குப் பின்னால் வாழைக்குலை உயரத்துக்குத் துள்ளியது. நல்லவேளை, அது வெறும் குரல் அழைப்பு.

அக்கா பதறிப்போனாள். அப்படியென்றால் டிசம்பர் வரை காத்திருக்க ஏலாது என்று, அன்றைக்கே பயணச்சீட்டை மாற்றினாள். வருகிற வியாழன் வந்து இறங்குகிறாள்.

இனி எட்டு நாளில் நாலு வயது நாயைப் பன்னிரண்டு வயதாக்க வேண்டும்.

கிழட்டு நாய்க்கு முகவாய் நரைக்கும். பிரகலாதன் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சப்பாத்துக்குப் பூசுகிற பூச்சை வாங்கிவந்து, பஞ்சில் தொட்டு, நாயின் வாயைச் சுற்றி மெல்லமாகத் தடவினான். நன்றாகத்தான் இருந்தது. தள்ளி நின்று பார்த்தபோது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மாதிரி ஒரு களை வந்திருந்தது. அவன் கை கழுவிவிட்டு வருவதற்குள் நாய் முழுவதையும் நக்கித் தின்றுவிட்டது.

பின்னேரம் வாந்தி எடுக்கத் தொடங்கியது. நுரை நுரையாக வந்தது. கால்கள் மடிந்து, குசினி வாசலில் சரிந்து கிடந்தபடி அவனையே பார்த்தது. வாலை ஒரு தரம் அசைத்துவிட்டு நிறுத்தியது. அக்காவுக்குச் சொன்ன பொய் பலித்துவிட்டது என்ற நினைப்பில் அவனுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. நாயைச் சாரத்தில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினான். போகிற வழியெல்லாம் “கப்டன், கப்டன்” என்றே அழைத்தான். மூன்று வருடமாகக் காலடியில் படுக்கிற இந்த நாய்க்குச் சொந்தமாக ஒரு பெயர்கூட வைக்கவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது.

துறைமுக வீதியில் இருந்த தனியார் மிருக வைத்தியசாலையில் டொக்டர் நஸ்ரியா ஊசி போட்டார். பூச்சில் பெரிய நஞ்சில்லை, இரண்டு நாளில் தேறிவிடும் என்றார். அங்கே இருபது வருடமாக உதவியாளராக இருக்கும் இராசையாண்ணை நாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று வருடங்களுக்கு முன், அழுதுகொண்டு வந்த பிரகலாதனுக்குக் கந்தளாயில் தனக்குத் தெரிந்த ஒரு வீடு இருக்கிறது என்று சொல்லி இந்த நாயை இரண்டே நாளில் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். வாய் இறுக்கமான மனிதர்.

டொக்டர் நாயின் பல்லைப் பார்த்தார். “நாலு வயசு இருக்கும். ஏன் இதுக்கு வெள்ளை பூசினீங்கள்?”

பிரகலாதன் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லிவிட்டு, அக்கா தோல் எடுக்க இங்கேதான் வருவாள், வயதை மட்டும் பன்னிரண்டு என்று எழுத ஏலுமா என்று கேட்டான்.

“ஏலாது,” என்றார் டொக்டர். “கம்பனிப் படிவத்தில நான்தான் பல்லைப் பார்த்து வயசு எழுதிக் கையெழுத்து வைக்கோணும். பொய்யில நான் கையெழுத்து வைக்க மாட்டன். அவ வரமுதல் நீங்களே சொல்லுங்கோ.”

சொல்வதென்றுதான் இருந்தான். ஆனால் வியாழக்கிழமை ஓட்டோவால் இறங்கிய அக்காவைக் கண்டதும் நாய் பாய்ந்து போய் அவள் காலைச் சுற்றியது, கையை நக்கியது, செருப்பைக் கவ்விக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடியது. அக்கா மண்ணிலேயே இருந்து அதைக் கட்டிக்கொண்டாள்.

“எட்டு வருசம், தம்பி. இன்னும் என்னை மறக்கேல்லை.”

அந்த நேரத்தில் எந்தத் தம்பியால் சொல்ல ஏலும்? நடக்கவே கஷ்டப்படுகிறது என்றாயே என்று அவள் கேட்பாள் என்று பயந்துகொண்டிருந்தான். அவள் கேட்கவில்லை. ஆள் இளமையாகத் தெரிகிறான், உன்னுடைய கவனிப்புத்தான் என்று சொல்லிவிட்டுச் சட்டென்று வேறு கதைக்குப் போனாள். வெள்ளிக்கிழமை காலையில் சொல்ல வாயெடுத்தான். அக்கா காணி உறுதியை மேசையில் விரித்து அம்மாவின் கையெழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டான். சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தோல் எடுப்பதாகவும், பின்னேரம் ஹோட்டல்காரர் முற்பணத்தோடு வருவதாகவும் ஏற்பாடாகியது.

சனிக்கிழமை ஓட்டோவில் நாய் இருவருக்கும் நடுவில் இருந்தது. அக்காவின் மடியில் குளிர்ப்பெட்டி. குட்டி வந்ததும் நோர்வேயில் எங்கே வைத்து வளர்ப்பாய் என்று, பேச்சுக்காகத்தான் கேட்டான்.

“அங்க எங்க வளர்க்கிறது? எங்கட அடுக்குமாடியில நாய் வைக்க விடமாட்டினம். குட்டி உனக்குத்தான்.”

“எனக்கோ?”

“பேசின கலியாணமெல்லாம் குழம்பிப்போச்சு. அம்மாவும் இல்லை. கப்டனும் போயிட்டால் அந்த வீட்டில உன்னோட ஆர் இருக்கினம்? அங்கயிருந்து நான் அதைத்தான் நினைச்சுக்கொண்டு கிடக்கிறனான்.”

பிரகலாதன் தெருவைப் பார்த்தான். தெரு கலங்கித் தெரிந்தது. அவளுக்காகத் தான் சொன்ன பொய்யை நம்பி, அவள் தனக்காகக் காணியை விற்கிறாள். வைத்தியசாலை வாசலில் அவன் நாயைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

உள்ளே மேசையில் நாயை ஏற்றினார்கள். இராசையாண்ணை தலையைப் பிடித்துக்கொண்டார். டொக்டர் நஸ்ரியா பிரகலாதனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படிவத்தை எடுத்தார்.

“முதல்ல பல்லைப் பார்ப்பம்.”

“பல்லொண்டும் பார்க்கத் தேவையில்லை டொக்டர்,” என்றாள் அக்கா அவசரமாக. “வயசு நான் சொல்லுறன். பன்னிரண்டு. எழுதுங்கோ.”

அது விதிமுறை, பார்த்துத்தான் ஆகவேண்டும் என்றார் டொக்டர். வாயைத் திறந்தால் நாய் கடிக்கும் என்றாள் அக்கா. நாய் அவள் கையை நக்கியது. கிழட்டு நாய்க்குப் பல்லைத் தொட்டால் நோகும் என்றாள். பல்லை வைத்து வயதைச் சரியாகச் சொல்ல ஏலாது, நோர்வேயில் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றும் சொன்னாள். அவள் முகத்திலும் வியர்வை அரும்பியிருந்தது. அக்காவின் பாசம் தனக்கு இன்னும் இரண்டு நிமிடம் வாங்கித் தந்திருப்பதாக பிரகலாதன் நினைத்தான். அந்த இரண்டு நிமிடமும் முடிந்துபோனது. டொக்டர் கையுறையை இழுத்துப் போட்டுக்கொண்டு நாயின் உதட்டை உயர்த்தினார். மேசையில் கத்தி பளபளத்தது.

“அக்கா, நில்லுங்கோ. இது கப்டன் இல்லை.”

வெளியே துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது.

அவன் நிறுத்தாமல் சொல்லி முடித்தான். பவுசர், சத்திரசிகிச்சை, கந்தளாய், காதைப் பொத்திய ஞாயிற்றுக்கிழமைகள், சப்பாத்துப் பூச்சு. மூன்று வருடமாக உங்களை ஏமாற்றிப்போட்டேன், நீங்கள் என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, அம்மாவின் காணியை மட்டும் விற்காதேயுங்கோ என்றான். கப்டனை நீங்கள் எப்படி வைத்திருந்தனீங்கள் என்று எனக்குத் தெரியும், உங்களை மாதிரி அதைப் பார்க்க எனக்கு வக்கில்லாமல் போய்விட்டது என்றும் சொன்னான்.

சுலோஜனா கதிரையில் இருந்துவிட்டாள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. இருதயம் வெட்டிய உடம்பு என்று பதறி, பிரகலாதன் அவள் பக்கத்தில் முழங்காலில் நின்றான். டொக்டர் தண்ணீர்க் கோப்பையை நீட்டினார். மேசையில் இருந்த நாய் குதித்திறங்கி வந்து, அவள் மடியில் நாடியை வைத்தது.

இராசையாண்ணைக்கு மனம் பொறுக்கவில்லை. கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு மெல்ல அவளருகே வந்தார்.

“அழாதேங்கோ பிள்ளை, தம்பி கட்டாரால வரமுதல் பழைய கப்டனுக்குப் பதிலா நீங்கள் மாத்தி வைச்ச கப்டனை எடுத்த அதே வீட்டிலதான் தம்பியின்ட கப்டனையும் எடுத்தனாங்கள், இப்பவும் அங்க நாலு குட்டி நிக்குது, சும்மாவே தருவினம்.”